பச்சையம்மாவின் ஓலை

பச்சையம்மாவுக்குக் கடைசிவரை பாடு கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் முடிவில் ஏதோ நியாயம் நடக்கப்போகிறது என்று காத்திருப்பீர்கள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த காலம். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போடுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வீட்டு ஆண் தன் அடையாளம் கீறிய ஓலைத்துண்டைப் பானையில் போட வேண்டும். ஓலை போடாத வீட்டில் வலை இருந்தும் பயனில்லை.

பச்சையம்மாவின் அப்பா துளசிங்கம் இடுப்பொடிந்து படுத்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. முடியைக் கத்தரித்துக்கொண்டு, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தோணியில் ஏறினாள். முதலில் ஊரே சிரித்தது. பிறகு ஊருக்கே அலுத்துவிட்டது. ஓலை அப்பா பேரில் விழுந்தது. வலை கட்டியவள் இவள். தோணியில் நிற்கும்போதுதான் தன் உடம்பு தன்னுடையதாக அவளுக்குத் தோன்றியது. ஆணா பெண்ணா என்பதெல்லாம் கரையில் இருப்பவர்களின் கவலை.

துளசிங்கம் இறந்த மாதம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டது. படகுகள் உள்ளே வர முடியவில்லை. வீட்டுக்கு ஓர் ஆண் வந்து மணலை வெட்ட வேண்டும் என்று கோட்டையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஊர்த்தலைவர் வரதன் அவள் வாசலுக்கே வந்தார்.

“உங்க வூட்டுக்கு நீதான ஆம்பள. மம்முட்டிய எடுத்துக்கினு வா.”

ஊரார் முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டதில் அவளுக்கு அப்படியொரு பூரிப்பு. ஒன்பது நாள் வெட்டினாள். உள்ளங்கை கிழிந்தது.

அடுத்த வாரம் சீட்டு. அப்பாவின் அடையாளம் மீன். பச்சையம்மா தனக்கென்று ஒரு நண்டைக் கீறிக் கொண்டுபோனாள். அவள் ஓலையைப் பானையில் போட்டதும் வரதன் கையை விட்டு எடுத்து அவளிடமே நீட்டினார்.

“பொம்பளைக்குப் பாடு கெடையாதும்மா.”

“மண்ணு வெட்டசொல்ல இன்னாவா இருந்தேன், மாமா?”

“அது வேற, இது வேற.”

அவர் பானையை அடுத்தவன் பக்கம் நகர்த்தினார். கூட்டத்தில் அவரவர் தன் தன் ஓலையைப் போட முன்னால் நகர்ந்தார்கள். அவளோடு ஒன்பது நாள் தோள் உரச மணல் வெட்டியவர்கள்தான் அத்தனை பேரும். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷம் முழுக்க வலை பரணில் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் பெண்களோடு நின்று, கையால் இறால் தடவிப் பிழைத்தாள்.

மறுவருஷமும் முகத்துவாரம் அடைத்தது. வரதன் மறுபடி வந்தார். எப்போதோ செத்துப்போன அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு பச்சையம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு அன்றுதான் புடவை. அவளுக்கு அது வேஷம், மூச்சு முட்டியது.

“இது பொம்பள வூடு, மாமா. ஆம்பள யாரும் இல்ல.”

ஆள் குறைந்தால் கோட்டைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கொஞ்சம் இறங்கி வந்தார்.

“செரி, இந்த வருஷம் உங்க நைனா பேர்ல ஓலை போடறோம். மீனையே கீறிக்கினு வா.”

“நைனா செத்து ஒரு வருஷம் ஆவுது.”

“செத்தா இன்னா? ஆம்பளதான.”

பச்சையம்மா உரித்த இறாலைச் சட்டியில் போட்டாள்.

“அப்போ மண்ணு வெட்டவும் அவரையே இட்டுக்கினு போ, மாமா” என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள்.