இடது முன் சக்கரத்தின் கீச்சொலி

மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில், நெய்வேலி டவுன்ஷிப்பின் நேரான சாலையில் மாமாவின் சாம்பல் நிறக் கார் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. நான் முன் இருக்கையில், கண்ணாடியை இறக்கிவிட்டு, காதை வெளியே நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறேன். மரங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டு மறுபடி பனிக்குள்ளேயே போகின்றன. எங்கோ தூரத்தில் சுரங்கத்தின் உறுமல், கடலோரத்து ஊர்களில் கேட்கும் அலையிரைச்சலைப்போல, நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. "இப்ப கேக்குதாம்மா?" என்கிறார் மாமா.

மாமா என்றால் என் மாமனார். எண்பதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியிலிருந்து மருமகளாக அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். என் கணவருக்கு அப்போது பம்பாயில் வேலை. அங்கே வீடு கிடைக்கும்வரை நான் மாமாவோடும் அத்தையோடும் இருந்தேன். சுரங்கத்தில் பெரிய இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் மாமா ஃபோர்மேன். ஷிப்ட் முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார். எங்களுக்குள் பேச்சு குறைவு. மாமனார் எதிரில் மருமகள் உட்காரக்கூட யோசிக்கும் வீடு அது. நான் வருவதற்குச் சற்று முன்புதான், ஓய்வுபெற்றுப் போன ஓர் அதிகாரியிடமிருந்து அந்தக் காரை வாங்கியிருந்தார். ஞாயிறுதோறும் அத்தையையும் என்னையும் அதில் சந்தைக்கு அழைத்துப் போவார்.

அந்தக் கார் கத்தும். எங்கள் பிளாக் முழுவதற்கும் தெரிந்த விஷயம் அது. மாமாவின் வண்டி முனை திரும்பும் முன்பே, ஈரக் கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்ததுபோல ஒரு மெல்லிய கீச்சொலி வந்துவிடும். அத்தை ஒருமுறை சொன்னதற்கு, "எந்தச் சத்தம்? எல்லாம் உன் பிரமை" என்று அடக்கிவிட்டாராம். அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சொன்னவள் சந்தையில் கீரை விற்கும், பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரி. "ஏங்க, உங்க வண்டி இப்படிக் கத்திகினே போவுது, உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்குக் கேக்குதாம்மா?"

வந்து சில மாதங்களே ஆன மருமகள், மாமனாரின் காரில் குறை சொல்வதா? தயங்கினேன். ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடாத வேறொன்று இருந்தது. "கேக்குது மாமா. இடது பக்கம், முன் சக்கரத்துல" என்றேன்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் கேட்டுச் சொன்னேன். வேகம் கூடினால் கீச்சொலியும் கூடியது. ரவுண்டானாவை இடமாகவும் வலமாகவும் சுற்றிக் காட்டச் சொல்லி அவரைக் கேட்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் வந்திருந்தது. எப்படித் திரும்பினாலும் ஒலி மாறவில்லை. "அப்ப பேரிங் இல்ல. அதுன்னா திரும்பறப்ப சத்தம் மாறும்" என்றார். பிறகு பிரேக்கை லேசாக மிதித்தார். ஒலி சட்டென்று அறுந்தது. காலை எடுத்தார். மறுபடி கீச்சென்றது. "மிதிச்சா நிக்குது மாமா, விட்டா கத்துது!" என்று கத்தினேன். மாமா வாய்விட்டுச் சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டு வாசலில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. காலை எடுத்த பிறகும் கட்டை பழைய இடத்துக்குத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கடலூரிலிருந்து புது ஸ்பிரிங் வாங்கி வந்து மாட்டினார். மறுபடி அதே சாலையில் ஓட்டிப் பார்த்தோம்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு மாமா. சுத்தமா இல்ல."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ காரை மெல்ல ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். பனிக்குள் ஒரு குருவிக்கூட்டம் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்பது அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "ஏம்மா, உங்க அத்தை இப்பல்லாம் ஏன் பாடறதே இல்ல?"

"தினமும் பாடறாங்களே மாமா. இன்னிக்குக்கூட, இட்லி ஊத்தும்போது."

அத்தைக்குச் சன்னமான, உயர்ந்த குரல். வேலை செய்யும்போது தனக்குள் பாடிக்கொள்வார். மாமா ஸ்டியரிங்கைப் பற்றியபடியே சொன்னார். அத்தையின் அம்மா இறந்தபோது, ஷிப்ட்டைக் காரணம் காட்டி, காரியம் முடிந்ததுமே அத்தையைத் திண்டுக்கல்லிலிருந்து அழைத்து வந்துவிட்டாராம். "அந்தக் கோபத்துலதான் பாட்டை நிறுத்திட்டான்னு நெனச்சேன். கேக்க எனக்குத் தைரியம் வரல. வெளியில கூட்டிட்டுப் போனா மனசு மாறும்னுதாம்மா இந்தக் காரையே வாங்கினேன்."

அந்த வாரமே, யாரும் சொல்லாமல், தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார். வயதும் சுரங்கத்து இரைச்சலும் சேர்ந்து சன்னமான ஒலிகளை எடுத்துக்கொண்டுவிட்டன என்றார் டாக்டர். முடிவு தெரிந்தால் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். "கரி போற பெல்ட் ஓடறதுக்கு முன்னாடி மணி அடிப்பாங்க. அது கேக்காதவன் அங்க நிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். முதல் நாள் வேலைக்குப் போய் வந்தவர், கரி படியாத தன் சட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம்தான் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னார். அத்தை மாவுக்கையோடு அப்படியே நின்றார். "முன்னெல்லாம் பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவீங்க, இப்ப சொல்றதே இல்ல. சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். அதனாலதான் இன்னும் மெதுவாப் பாடினேன்" என்றார். மாமா நாற்காலியை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இப்பப் பாடு" என்றார். அத்தைக்கு என் எதிரில் வெட்கம். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அடுத்த சில நிமிடங்களில் அத்தையின் குரல், நான் அதுவரை கேட்டிராத அளவுக்கு உரக்க, ஜன்னல் வழியாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மாமா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அத்தை இப்போது எங்களோடு சென்னையில், நான்காவது மாடியில் இருக்கிறார். காலையில் சமையலறையில் அவர் பாட ஆரம்பித்தால் லிஃப்ட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும். "பாட்டியைக் கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்களேன்" என்று கீழ்வீட்டுப் பெண் போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் அத்தையிடம் சொல்லவில்லை. சமையலறைக் கதவை மட்டும் சாத்தினேன், நான் உள்ளே இருந்துகொண்டு.