கிளிப் படம் வைத்திருந்த சிஸ்டர்

ஒரு கதைக் குழுவில் நான் வெகுநாள் பெண்ணாக இருந்தேன். திட்டம் போட்டு இருக்கவில்லை. போன் நம்பர் வெளியே தெரியாத குழு அது. பெயருக்கு ஒரு புள்ளி, படத்துக்கு ஒரு பச்சைக் கிளி என்று வைத்துக்கொண்டு உள்ளே போனேன். போன அன்றைக்கே யாரோ "வாங்க சிஸ்" என்றார்கள். அங்கே எல்லோரும் பெண்கள். இல்லை என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. கிளி சிஸ் ஆகிவிட்டேன்.

கதை என்னவென்று சொல்லிவிடுகிறேன். டிவியில் ஒரு தொடர் ஓடியது. அதில் அரிசி மில் முதலாளி ஒருவன், போலீஸ்காரன் ஒருவன், இருவரும் ஜென்ம விரோதிகள். வாரம் தவறாமல் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்கு அந்தச் சட்டைப் பிடியில் வேறு ஏதோ தெரிந்திருக்கிறது. அந்த இருவரையும் எடுத்து, ஒருவரை ஒருவர் காதலிக்கிறவர்களாக வைத்துத் தொடர்கதை எழுத ஆரம்பித்தார். எழுதுகிறவர் யாரென்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஒரு பாகம் வரும். சனிக்கிழமை முழுக்க குழுவில் அதைப் பற்றித்தான் பேச்சு.

நான் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்ப்படம் செய்கிற ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன். வந்து விழுகிற பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. அடுத்தவர் பொருளில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

ஒரு பாகத்தில் போலீஸ்காரன் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே தன்னைப் பார்க்கிறான். முதல் தடவையாக முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்கிறான். அவ்வளவுதான் அந்தப் பாகம். குழு அல்லோலகல்லோலப்பட்டது. கோவையில் படிக்கிற பெண் "செம க்யூட்" என்று வரிசையாக இதயங்களாகப் போட்டாள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஒருத்தன் இவ்வளவு சீக்கிரம் தன்னை ஏற்றுக்கொள்வானா, எழுதுகிறவர் அவசரப்படுகிறார் என்றார். குவைத்தில் நர்ஸாக இருப்பவர் கேட்டார்: "நெஜத்துல இப்படி இருக்கறவங்க யாரையாவது நமக்குத் தெரியுமா? தெரிஞ்சா அவங்களையே கேக்கலாமே."

யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராக இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ரயிலில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எனக்கும் யாரையும் தெரியாது சிஸ்" என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, எதிர் சீட்டுக்காரர் பார்த்திருப்பாரோ என்று வேர்த்துப்போனேன். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவமானப்படுத்தக்கூட எனக்கு ஆள் இல்லை, நானே பட்டுக்கொண்டேன்.

குழுவில் மல்லிகைச் சரம் படம் வைத்திருந்த ஒருவர் இருந்தார். அதிகம் எழுத மாட்டார், எழுதினால் நெற்றியடியாக இருக்கும். அவருக்கும் எனக்கும் தனியாகப் பேச்சு உண்டு. ஒருமுறை எனக்கு மட்டும் எழுதினார்: "இத படிக்கற நேரம்தான் சிஸ் எனக்கு மூச்சு விடற மாதிரி கீது. ஊட்ல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. அவரு என்கிட்ட பேசறதே சோறு ஆச்சா, குழம்பு ஆச்சான்னுதான்." நானும் ஏதோ அக்கறையான சிஸ்டர் மாதிரி, கவலைப்படாதீங்க, நான் இருக்கிறேன் என்று பதில் போட்டேன். எங்கள் பக்கத்துப் பேச்சு அது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் சின்னப் பக்கமா என்று விட்டுவிட்டேன்.

கதையில் மில்காரனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா, தாலியைக் கட்டிவிட்டுக் காலத்தை ஓட்டுவதா என்று அவன் திண்டாடுகிற பாகம் வந்தது. குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் கட்டிவிடட்டும் என்ற கட்சி. "அம்மா ஏத்துக்குவாங்கன்னு எழுதினா அது கதை சிஸ், நம்ம ஊர்ல நடக்காது" என்று நீட்டி முழக்கினேன். மறுநாள் காலை, ரயில் எளாவூரைத் தாண்டும்போது போனை எடுத்துப் பார்த்தேன், மல்லிகைச் சரத்திடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்திருந்தது. அவர் குரல் அனுப்புவது அதுதான் முதல் தடவை. கோபத்தில் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை போலிருக்கிறது. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ரயில் சத்தத்தில் யார் குரலென்று பிடிபடவில்லை, எங்கேயோ கேட்டது போல மட்டும் இருந்தது.

"இன்னா கிளி சிஸ் இப்படி பேசறீங்க? அந்தப் பொண்ண கட்டிக்கினா அவனும் கெடுவான், அந்தப் பொண்ணும் கெடுவா. வாயத் தொறந்து சொல்லணும். சொன்னா பெத்தவ இன்னா வெட்டியா போடப் போறா? ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருப்பா. அப்புறம் தட்டுல சோறு போடுவா."

அவர் பேசி முடிக்கும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது. அதற்கும் பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது: "அண்ணி, நாஷ்டா ஆச்சா? ட்ரெயினுக்கு டைம் ஆவுது."

அது என் குரல்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் உட்கார்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்க மறந்து கவரைப்பேட்டை வரை போய்விட்டேன். காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அண்ணி அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். யாருடனோ போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். பேசியது என்னிடம்தான்.

அம்மா போன பிறகு வீட்டில் எல்லாம் அண்ணிதான். அண்ணன் நிலம் உண்டு, மாடு உண்டு என்று இருப்பவர். எனக்குப் பெண் தேடுகிற பொறுப்பும் அண்ணி தலையில்தான் இருந்தது. ஆரணியாற்றுப் பக்கம், ஆரணியிலேயே ஓர் இடம் கூடி வந்திருந்தது. பெண்ணின் போட்டோவை என்னிடம் காட்டி, "நல்லா களையா கீது பாரு தம்பி" என்று சொன்ன அதே வாரத்தில், மில்காரனுக்குப் பெண் பார்க்கிறவர்களை அண்ணி குழுவில் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. அவர் உபதேசம் செய்தது ஊருக்கு இல்லை, எனக்கு. எனக்குத்தான் என்று அவருக்குத் தெரியாது.

தெரிந்த அன்றே குழுவை விட்டு நான் வெளியேறியிருக்க வேண்டும். விடவில்லை. கிளியாகவே இருந்து, கூசாமல் கேட்டேன்: "கதையில சரி சிஸ். உங்க ஊட்லயே ஒருத்தர் அப்படி இருந்தா?" பிறகு எழுதினார்: "எங்க ஊட்ல அப்படி யாரும் இல்ல. இருந்தாலும் நான் தொணை நிப்பேன்." அந்த ஒரு வரியை உணவு இடைவேளையில், கழிப்பறையில், ரயிலில் என்று திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு பெண் தான் மூச்சு விடுகிற இடத்தில் சொன்னதைத் திருடி வைத்துக்கொண்டு படிக்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. கூசிக்கொண்டே படித்தேன்.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம். அண்ணன் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போயிருந்தார். அண்ணி தரையில் போர்வையை மடித்துப் போட்டு, நான் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னேன்.

"அண்ணி, நாளைக்கு ஆரணிக்குப் போவ வேணாம்."

"இன்னாத்துக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

எவ்வளவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"அந்தப் பொண்ண கட்டிக்கினா நானும் கெடுவேன், அந்தப் பொண்ணும் கெடும். வாயத் தொறந்து சொல்லணும்னு நீங்கதான சொன்னீங்க."

அண்ணியின் கை அப்படியே நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவரில் ஸ்விட்சை அணைத்தார். எனக்குத் துணை நிற்பார் என்று அந்த நொடியிலும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

"நீ அதுல கீறியா?" என்றார்.

"ஆமா அண்ணி. கிளி நான்தான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். நான் ஏதோ குளியலறைக் கதவைத் திறந்துவிட்டதைப் போல இருந்தது அது. நான் எப்படிப்பட்டவன் என்பதைக் கேட்கவில்லை, எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா, நான் அதெல்லாம் படிக்கறது?"

"தெரியாது. நான் சொல்லவே மாட்டேன் அண்ணி."

"அவரப் பத்தி உன்கிட்டயா எழுதினேன்" என்று சட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. என்னைப் பற்றிச் சொல்லி அவமானப்படத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவரை அவமானப்படுத்தத் தயாராக வரவில்லை. சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் யாரும் ஆரணிக்குப் போகவில்லை. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம், பொன்னேரியில் இன்னொரு ஜோசியரிடம் காட்டியதில் சொன்னாராம். அண்ணி அண்ணனிடம் அப்படிச் சொல்லிச் சமாளித்தார். அண்ணன் சரி என்று எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். எனக்குத் தட்டில் இட்லி வந்தது. அண்ணி முகம் என் பக்கம் வரவில்லை. அன்று சாயந்திரம் மல்லிகைச் சரம் குழுவை விட்டு வெளியேறியது. சண்டை போட ஆளில்லாமல் எல்லோரும் தவித்தார்கள். "கிளி சிஸ், நீங்க அவங்ககூட நெருக்கமாச்சே, என்னாச்சு தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார். தெரியாது என்று எழுதினேன். அந்தக் குழுவில் நான் எழுதிய கடைசிப் பொய் அது. அதன் பிறகு எதுவும் நான் எழுதவில்லை, படிக்க மட்டும் செய்தேன்.

வாரங்கள் போயின. வேறு பெண்ணின் பேச்சை அண்ணி எடுக்கவில்லை. என்னிடம் வேறு பேச்சும் எடுக்கவில்லை. கதை முடிந்தது. முடிந்த மறுநாள் காலையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் பால்காரருடன் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி தோசைக் கல்லைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"கதை முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சி அண்ணி."

"அவங்க அம்மா இன்னா சொன்னாங்க?"

"அழுதாங்க. அப்புறம் ஏத்துக்கினாங்க. அந்தப் போலீஸையும் ஊட்டுக்குக் கூப்ட்டு சோறு போட்டாங்க."

அண்ணி தோசையைத் திருப்பிப் போட்டார்.

"அதுல அண்ணின்னு யாராவது வந்தாங்களா தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். மில்காரனுக்கு அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை.

"இல்ல அண்ணி."

"அதான் எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல" என்று சொல்லிவிட்டு, தோசையை எடுத்து என் தட்டில் போட்டார். நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன்.