மார்க் கூடக்கூடாது என்று வேண்டினேன்

மாமியின் புற்றுநோய் எலும்பு வரை போய்விட்டது, இனிக் குணமாக்க முடியாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று போன தை மாதம் டொக்டர் சொன்னார். மாமியின் மகனான என் கணவருக்குக் கொழும்பில் வேலை. டயகம தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் நானும் மாமியும் மூன்று வயதுப் பாப்பாவும்தான்.

அன்றிலிருந்து மாமி மாறிப்போனார். சோறு இறங்கவில்லை. பேச்சில்லை. பாப்பாவைப் பிறந்தது முதல் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு தூங்கியவர், "ஒங்கம்மாகிட்ட போ" என்று விரட்டினார். நான் என்ன குறை வைத்தேன்? கஞ்சியில் உப்புக் கூடிவிட்டதா? சத்தமாகப் பேசிவிட்டேனா?

கிளினிக்கில் நர்ஸ் மிஸ் ஒருவர் மாமியிடம் கேள்விகள் கேட்டார். பயம் வருகிறதா, முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா, மனசு சோர்ந்து கிடக்கிறதா என்று. பதிலுக்கு மார்க். மார்க் கூடினால் மனக்கஷ்டம் அதிகமாம். எல்லாவற்றுக்கும் மாமி, "ஒண்ணுமில்லங்க மிஸ். மருமக நல்லா பாத்துக்கிறா" என்றார். மார்க் இரண்டு. பக்கத்தில் இருந்த எனக்கு நிம்மதி. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாமி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அந்த இரண்டு சரியா, நான் பார்ப்பது சரியா? ஒன்றும் புரியவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு முன்பு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கு வைத்து அழுதேன். குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. "மாமிக்கு மார்க் கூடிடக்கூடாது தாயே" என்றுதான் வந்தது. கூடினால், மருமகள் சரியாகப் பார்க்கவில்லை என்று லயமே பேசுமே.

கிளினிக் நாளில் பஸ்ஸில் பாப்பா வாந்தி எடுத்துவிட்டாள். மாமியை நர்ஸிடம் விட்டுவிட்டு, அவளைக் கழுவ வெளியே ஓடினேன். திரும்பி வந்தால் மாமி விம்மி அழுகிறார். மார்க் பதினாறு.

நர்ஸ் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "நான் நல்லாத்தான் பாத்துக்கிறேன் மிஸ்."

"இது மருமகளுக்குப் போடுற மார்க் இல்லம்மா" என்றார் நர்ஸ்.

மாமி அழுகையோடு சிரித்துவிட்டார். "இவ படிச்சவ மிஸ். எங்க போனாலும் பரீட்சைன்னே நெனச்சுக்குவா." பிறகு என்னைப் பார்த்து, "நீ பக்கத்துல இருந்தா நான் எப்புடி சொல்றது? ஒன்னையக் கொற சொன்ன மாதிரி ஆயிராதா?"

"அப்படி என்ன மாமி சொன்னீங்க?"

"கண்ண மூடவே பயமா இருக்கு புள்ள. நான் முழிக்காமப் போயிட்டா, பக்கத்துல கெடக்குற பாப்பாதானே மொதல்ல பாக்கும்? என்னைய எழுப்பிக்கிட்டே இருக்குமே."

அதற்காகவா விரட்டினார்! நான் கஞ்சியின் உப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேனே.

"இப்பதான் எங்களுக்கு வழி தெரியுது" என்றார் நர்ஸ். டொக்டர் புதிய மாத்திரை கொடுத்தார். ஒவ்வொரு கிளினிக்கிலும் நர்ஸ் மாமியோடு தனியாகப் பேசுகிறார். மாமி இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நோய் போகவில்லை. போகாது.

இதை அம்மன் அருளுக்குச் சாட்சி என்று சொல்லலாமா என்று இன்னும் குழப்பம்தான். நான் கேட்டதற்கு நேர்மாறாக அல்லவா நடந்தது? ஆனால் பாப்பாவின் அந்த வாந்தி தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மனுக்குத் தினமும் நன்றி சொல்கிறேன். சகோதரிகளே, என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் அவள் முன்னால் போய் நில்லுங்கள். தப்பாகக் கேட்டாலும் அவளுக்குப் புரிகிறது.

பாப்பா மறுபடியும் மாமியின் பாயில் படுக்கிறாள். நடுவில் நான் படுக்கிறேன். காலையில் முதலில் விழிப்பது நானாக இருக்க வேண்டும். இப்போது என் வேண்டுதல் அது ஒன்றுதான்.