சிவப்புச் சிலுவை மட்டும் தைத்த தொப்பிகள்

பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் செக்கிங் பார்க்கிறேன். போன வருடம் அமெரிக்காவிலிருந்து தொப்பி ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றின் முன்பக்கமும் மேரிலாந்து மாநிலக் கொடியைத் தைக்க வேண்டும். நான்கு கட்டம்; இரண்டில் மஞ்சளும் கறுப்பும், இரண்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சிலுவை.

நான்கு நிறத்தையும் மாற்றி மாற்றித் தைத்ததில் நூல் அடிக்கடி அறுந்தது. எங்கள் மேனேஜர் யாரையும் கேட்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். "பாதித் தொப்பிக்கு மஞ்சள் கறுப்பு, மீதிக்குச் சிவப்புச் சிலுவை. செட்டாப் பார்த்தா அழகா இருக்கும்க்கா."

எனக்கு அது சரியாகப் படவில்லை. காவிரித் தண்ணீர்ச் சண்டை நாட்களில் என் தம்பி எங்கள் மர்பி டவுனை விட்டு வெளியே போகும்போதெல்லாம், தமிழன் என்று யாரும் அடிக்காமலிருக்க, ஆட்டோவில் கன்னடர்களின் மஞ்சள் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டுதான் போவான். கொடியை வெறும் டிசைன் என்று நினைக்க எனக்கு வராது. மதியச் சாப்பாட்டின்போது போனில் தேடிப் படித்தேன். நேராக மேனேஜரிடம் போனேன்.

"சார், அடிமை வச்சுக்கணும்னு சில மாநிலங்க பிரிஞ்சு போய் அமெரிக்காவில உள்நாட்டுப் போர் வந்தப்ப, இந்த மாநிலம் பிரிஞ்சு போகல. ஆனா அங்கேயும் அடிமைகளை வச்சிருந்தாங்க. ஆம்பளைங்க ரெண்டு பக்கமும் போய்ச் சண்டை போட்டாங்க. பிரிஞ்சு போனவங்க பக்கம் சேர்ந்தவங்க சட்டையில குத்திக்கிட்டது இந்தச் சிவப்புச் சிலுவையைத்தான். போர் முடிஞ்சு ஊர் திரும்பி, ரொம்ப நாள் கழிச்சுத்தான் அதையும் மஞ்சள் கறுப்பையும் ஒரே கொடியில சேர்த்தாங்க. நாம மறுபடியும் பிரிக்கிறோம்."

"அக்கா, நூல் பிசிறு இருந்தா சொல்லுங்க. சரித்திரம் எதுக்கு?"

"சிலுவையைத் தனியாத் தைச்சா அடிமை வச்சிருந்தவங்க பக்கம்னு ஆயிடும் சார்."

"யாருக்குத் தெரியப்போவுது, விடுங்க!"

நான் பாஸ் சீட்டு ஒட்ட மறுத்தேன். அவரே உட்கார்ந்து ஒட்டினார். முதல் பெட்டிகள் போய்ச் சேர்ந்ததும் சிவப்புச் சிலுவையை ஏன் தனியாகத் தைத்தீர்கள் என்று வாடிக்கையாளரிடமிருந்து கோபமாக மெயில் வந்தது. எல்லாரையும் நிற்க வைத்து மேனேஜர் கேட்டார்: "செக்கிங்ல யாருமே இதைக் கவனிக்கலையா?"

"நான் சொன்னேனே சார்!"

"கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்க்கா."

அந்த வாரம் முழுக்க அவரோடு வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தைத்தோம். முதல் தொப்பியை அவரே பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினார். நான்கு கட்டமும் இருந்தன. ஆனால் மஞ்சள் கறுப்பு வர வேண்டிய மேல் இடது மூலையில் சிவப்புச் சிலுவை உட்கார்ந்திருந்தது.

"ஆபரேட்டரைக் கூப்பிடுங்க சார்," என்றேன். அன்று சாயங்காலம் வரை மெஷின் பக்கத்திலேயே நின்று, சரியாக வந்த பிறகுதான் சீட்டு ஒட்டினேன்.