எமில் அண்ணையின் கொப்பியும் கடைசியானின் இடப்பக்கமும்

எல்லாவற்றையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். ஏழாம் சுற்றில் ஆகக் கடைசியாகத் தெரிவான அந்தப் பெடியன் ஒருநாள் பெரிய அணிக்கு விளையாடுவான் என்றேன், விளையாடினான். மார்க்கம் நகரத்துச் சிவாவின் மீசை போகும் என்றேன், போனது. எமில் அண்ணை அந்த ஒரு விளையாட்டு முடியும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பார் என்றும் சொன்னேன். வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகள் டிலானியின் பெயர் தொலைபேசியில் மின்னியபோது, எடுக்காமலே எனக்குச் செய்தி தெரிந்துவிட்டது.

எடுத்தேன். "அங்கிள்..." என்றாள்.

"தெரியும் பிள்ளை, நான் வாறன்" என்றேன். ரூஜ் பகுதியில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போக எனக்கு எப்போதும் இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். அன்று எட்டு நிமிடத்தில் போனேன். பொலிஸ் மறிக்கவில்லை. மறித்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

உங்களில் பலர் எமில் அண்ணையைத் தேவாலயத்தில் பூசை முடிந்த பிறகு கதிரை அடுக்குகிறவராக அறிந்திருப்பீர்கள். அதிகம் பேசாத மன்னார்க்காரர். ஆனால் அவர் இருபது வருடத்துக்கு மேலாக ஹொக்கி அரங்கத்தில் ஐஸ் மெசின் ஓட்டியவர். பெடியள் சறுக்கி விளையாடிக் கிழித்துவிட்டுப் போன பனித்தளத்தை மெசினில் ஏறி இருந்து சுற்றிச் சுற்றிச் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டு, கண்ணாடி போல ஆக்குவதுதான் அவருடைய வேலை. இந்த நகரத்தில் அவரைப் போல ஐஸ் போட இன்னொருவர் இல்லை. தளத்தில் முகம் பார்த்து நான் சவரமே செய்திருக்கிறேன்.

அந்த அரங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. படிப்பு எட்டாம் வகுப்பு. டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எமில் அண்ணை ஒருநாள் கதவைத் தட்டி, "ராசன், வெளிக்கிடு. துடைக்கத் தெரியும்தானே?" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. மறுநாள் மேலாளர் என்னைக் கண்டவுடன் எழுந்து நின்று கை தந்தார் என்று கோப்பிக் கடையில் நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எமில் அண்ணை சிரிக்கவில்லை. அங்கே நின்றவர் அவர்தான். மேலாளர் தொலைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பேசாமல் கோப்பியைக் குடித்தார். என்னை நாலு பேருக்கு முன்னால் ஒரு நாளும் அவர் பொய்யனாக்கியதில்லை. தனியே இருக்கும்போது மட்டும், "நீ கண்டனியோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். நான் "ஓம் அண்ணை" என்றால், "அப்ப சரி" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்குள் அவர் என்னை எத்தனை தரம் மன்னித்தார் என்று நான் எண்ணி வைக்கவில்லை.

இனி, ஹொக்கி தெரியாதவர்களுக்கு நான் ஒன்று விளக்க வேண்டும். நான் விளக்கினால்தான் விளங்கும். ஒவ்வொரு கோடையிலும் பெரிய அணிகள் எல்லாம் பதினெட்டு வயதுப் பெடியளை முறை வைத்துத் தெரிவு செய்யும். ஏழு சுற்று. முதல் சுற்றில் போகிறவனுக்குத் தொலைக்காட்சி, கோட்டு, தாய் தகப்பனின் ஆனந்தக் கண்ணீர். ஏழாம் சுற்றில் போகிறவனின் பெயரை வாசிக்கிற மனிதருக்கே அது சரியாக வாய்க்குள் வராது. தெரிவானவர்களில் பெரும்பாலானோர் பெரிய அணிக்கு ஒரு நாளும் விளையாடாமலே வயது போய்விடுவார்கள். நம்முடைய நகரத்து அணி தெரிவு செய்த பெடியள் சில நாளில் எங்கள் அரங்கத்துக்குப் பயிற்சி முகாமுக்கு வருவார்கள். அந்த வாரம் எமில் அண்ணைக்குத் திருநாள்.

மெசின் நிற்கும் கொட்டகையின் வாசலில், தளத்தோடு தளமாக அவர் நிற்பார். கையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற கொப்பி. பெடியன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பக்கம். ஓடுகிற வேகத்தில் சட்டென்று வலப்பக்கம் திரும்பி நிற்கிறானா, இடப்பக்கம் திரும்பி நிற்கிறானா, பின்னுக்கு ஓடுகிறானா, பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லையைப் பறிகொடுத்த பிறகு என்ன செய்கிறான். கோல் அடித்தால் எழுதமாட்டார். "அதை எழுத ஆயிரம் பேர் இருக்கினம்" என்பார். பயிற்சி முடிந்ததும் மெசினை எடுக்க முன், தளத்தில் இறங்கி நடந்து கீறல்களைப் பார்ப்பார். எந்தக் கீறல் எவனுடையது என்று அவருக்குத் தெரியும். பிறகு மெசினில் ஏறி எல்லாவற்றையும் அழிப்பார். அவரைத் தவிர வேறு யாரும் வாசித்திராத எழுத்து அது.

அந்த வருடம் ஆகக் கடைசியாகத் தெரிவானவன் மெலிந்த, செம்பட்டைத் தலைப் பெடியன். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் கடைசியான். முகாம் நடந்த வாரத்தில் கோப்பிக் கடைக்குச் சிவா மடிக்கணினியோடு வந்தான். சிவா மார்க்கத்தில் பெரிய கொம்பியூட்டர் வேலை, பெரிய மீசை.

"அண்ணை, உவனை எடுத்ததே பட்டியலை நிரப்பத்தான். உயரம் காணாது, நிறை காணாது, கோல் காணாது. உங்கட கொப்பி என்ன சொல்லுது?"

"உவன் விளையாடுவான்" என்றார் எமில் அண்ணை.

கடை முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் மெல்லமாகத்தான் சிரித்திருப்பேன்.

"சிவா, பக்கைப் பறிகுடுத்தாப் பிறகு ஆர் திரும்பி ஓடினது எண்டு உன்ர கொம்பியூட்டரிலை இருக்கோ?"

"அது கோல் இல்லையே அண்ணை."

"அப்ப அதை மூடிப்போட்டுக் கோப்பியைக் குடி."

சிவாவுக்குச் சூடேறிவிட்டது. "உவன் பெரிய அணிக்கு ஒரே ஒரு விளையாட்டு விளையாடட்டும், நான் மீசையை எடுக்கிறன்!"

"அண்ணை, எழுதி வாங்குங்கோ" என்றேன் நான். "உந்த மீசை போறது எனக்கு இப்பவே தெரியுது."

ஆனால் மறுநாள் எமில் அண்ணை தளத்தில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கடைசியானின் கீறல்களைக் காட்டினார். "இஞ்சை பார் ராசன். வலப்பக்கம் நிண்ட இடமெல்லாம் தேங்காய் துருவின மாதிரிக் கிடக்கு. இடப்பக்கம் ஒண்டுமில்லை. வட்டம் போட்டுத்தான் திரும்பியிருக்கிறான். அந்த நேரத்துக்குள்ள மற்றவன் போயிடுவான்."

"அப்ப ஆள் சரிவராதோ?"

"மற்றதெல்லாம் சரி. இடப்பக்கம் திரும்பி நிக்கப் பழகினா விளையாடுவான். இல்லாட்டி நான் பாத்தது பிழை."

முகாமின் கடைசி நாள் மற்றவர்கள் உடை மாற்றப் போன பிறகு கடைசியான் பக்குகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றான். எமில் அண்ணை வாசலில் நின்று கையால் காட்டி, "லெஃப்ற்" என்றார். பெடியன் விளங்காமல் பார்த்தான். நான் போய் ஆங்கிலத்தில் ஒரு அரை மணித்தியாலம் விளக்கினேன். சரி, இரண்டு நிமிடம். அவன் தலையாட்டிவிட்டுப் போய் இடப்பக்கம் நிற்கப் பார்த்தான், விழுந்தான். எழும்பினான், மறுபடி விழுந்தான். மெசின் எடுக்க வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் பிந்தாத மனிதர் அசையாமல் நின்றார். மேற்பார்வையாளர் மேலிருந்து கத்தினார். எமில் அண்ணை திரும்பிப் பார்த்து, "மெசின் நோ ஸ்ரார்ட்" என்றார். மெசினுக்கு ஒரு குறையும் இல்லை. அன்று பத்து நிமிடம் அந்தத் தளம் கடைசியானுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது.

அதன் பிறகு அவனை வேறொரு ஊரின் சின்ன அணிக்கு அனுப்பிவிட்டார்கள். எமில் அண்ணை ஓய்வு பெற்றார். சிவா ஒவ்வொரு வருடமும் மீசையைத் தடவிக் காட்டுவான். அவர் கொப்பியைத் திறந்து காட்டுவார். கடைசியானின் பக்கத்தில் எல்லாம் "சரி", இடப்பக்கத்துக்கு நேரே மட்டும் வெறும் இடம். சிவா சொன்னதற்காக அவர் ஒரு நாளும் கோபிக்கவில்லை. அந்த வெற்றிடம்தான் அவரை உறுத்தியது. அந்த ஒரு பக்கம் பிழைத்தால் இருபது வருடமாகத் தான் கீறலில் வாசித்ததெல்லாம் பிழை என்று அவர் எண்ணினார். வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் குளிர்காலம் அவரைப் படுக்கையில் போட்டுவிட்டது. வைத்தியர்கள் மாதக் கணக்கு விட்டு வாரக் கணக்கில் பேசத் தொடங்கிய நேரம், பெரிய அணியில் இரண்டு பேருக்குக் காயம் பட, கடைசியானைக் கூப்பிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேர விளையாட்டு. டிலானி எப்படியோ தளத்தைச் சுற்றியிருக்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ரிக்கற் எடுத்துவிட்டாள். ஆனால் தகப்பனால் எழும்பி இருக்கக்கூட முடியவில்லை. மருந்தில் கண்ணும் மங்கிவிட்டது. தொலைக்காட்சியை அவர் எப்போதும் நம்பியதில்லை. அது பக்குக்குப் பின்னால் ஓடும், காலைக் காட்டாது என்பார்.

"ராசன், நீ போ" என்றார். "என்ன பாக்கிறது எண்டு தெரியும்தானே?"

"அண்ணை, எனக்குச் சொல்லியோ தரவேணும்?"

டிலானி ரிக்கற்றை என் தொலைபேசிக்கு அனுப்பினாள். "அங்கிள், ப்ளீஸ், கோல் ஸ்கோர் எல்லாம் வேண்டாம். அப்பா கேக்கிறதை மட்டும் பாருங்கோ" என்றாள்.

ஞாயிறு காலை நான் வைத்தியசாலைக்குப் போய்ச் சொன்னேன். வாழ்நாளில் நான் சொன்ன கதைகளில் அதுதான் ஆகச் சிறந்தது. இரண்டாம் பகுதியில் கடைசியான் பக்கைப் பறிகொடுத்தான். கடந்து போனவனுக்குப் பின்னால் விரட்டினான். எதிராளி சட்டென்று இடப்பக்கம் வெட்டினான். இவனும் வட்டம் போடாமல், நின்ற நிலையில் இடப்பக்கம் திரும்பி நின்றான். பனித்தூள் கிளம்பி எனக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் அடித்தது. பக் இவன் கையில்!

எமில் அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார்.

"நீ கண்டனியோ?"

"ஓம் அண்ணை. கண்டனான்."

"அப்ப சரி." தலையணைக்குக் கீழே கையை விட்டுக் கொப்பியை எடுத்துத் தந்தார். "எனக்குக் கை நடுங்குது. நீ எழுது."

கடைசியானின் பக்கத்தை எடுத்து, இடப்பக்கத்துக்கு நேரே "சரி" என்று எழுதினேன். எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன்ர எழுத்து வடிவாய்த்தான் இருக்கு" என்றார். நான் எழுதியதை வாழ்நாளில் புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு நாளில் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குச் சிவா மீசை இல்லாமல் வந்தான். யாருக்கும் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் மேலுதட்டோடு நின்று, "அண்ணை, பாருங்கோ" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை போல அழுதான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அந்த விளையாட்டைப் பதிந்து வைத்திருக்கிறானாம். அண்ணையை நினைச்சு ஒருக்காப் பாப்பம் வாங்கோ என்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டான். மூன்று தரமும் எனக்கு முழங்கால் நொந்தது.

வேலை தந்தார். என் கதைகளுக்கு இடம் தந்தார். யாரும் பார்க்காத இடத்தில் பார்க்க வேண்டும் என்று காட்டித் தந்தார். இவையெல்லாம் என்னிடம் இருக்கின்றன. கடன் என்று ஒரு நாளும் அவர் நினைத்ததில்லை. கொப்பியும் என்னிடம்தான் இருக்கிறது. டிலானி தந்தாள். அதில் உள்ளதெல்லாம் அவர் கண்ணால் கண்டு எழுதியது, என்னுடைய ஒரு சொல்லைத் தவிர.

டிலானி பிள்ளை, உன்னுடைய ரிக்கற் வீணாய்ப் போய்விட்டது, மன்னித்துக்கொள். அந்தச் சனிக்கிழமை நான் வெளிக்கிட்டது உண்மை. கழுத்துப்பட்டி கட்டியதும் உண்மை. கெனடி நிலையத்தில் காரை விட்டுவிட்டு ரயில் எடுக்க இருந்தேன். காரை விட்டு இறங்க முடியவில்லை. போய், அவன் வட்டம் போட்டுத் திரும்புவதைக் கண்டுவிட்டால், நாளை அவர் கேட்கும்போது என்ன சொல்வேன்? கண்டதை அவரிடம் மறைக்க எனக்கு வராது. காணாததைச் சொல்ல நன்றாக வரும். ரேடியோவையும் நிறுத்திவிட்டு மூன்று மணித்தியாலம் காருக்குள்ளேயே இருந்தேன். கடைசியான் அன்று விளையாடினான் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அவன் இடப்பக்கம் திரும்பி நின்றதை நான் காணவில்லை.