நெட்டா அழித்த காலிப்பர்

நெட்டா பிரங்காட்டோவின் பெயர் எந்தக் காமிக்ஸிலும் அச்சானதில்லை. கதை எழுதினவன் பேர் வரும், படம் வரைந்தவன் பேர் வரும். ஆட்களின் வாயருகே வருகிற பலூனுக்குள் வசனத்தைக் கையால் எழுதுகிற என் பேர்கூட, மோ என்று, பொடி எழுத்தில் வரும். திருத்துகிறவள் பேர் மட்டும் வராது. நல்ல நியாயம்!

மன்ஹாட்டனில் ஒன்பதாவது மாடி. அவள் மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது, பதினொரு வருஷமாக. ஓவியர்கள் அவசரத்தில் போடுகிற ஆறாவது விரலை, காணாமல் போன பித்தானை எல்லாம் வெள்ளை மையும் பொடித் தூரிகையுமாகச் சரிசெய்வது அவள் வேலை. ஆறு வயதில் போலியோ. இடது காலில் தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையுமாகக் காலிப்பர். அம்மா போன பிறகு புரூக்ளின் வீட்டில் தனியாள். ரயில் நிலையப் படிகளில் கூட்டம் இடித்துத் தள்ளும் என்று எல்லோருக்கும் முக்கால் மணி முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் கூட்டமாகக் குடிக்கப் போகிற கடை நிலவறையில் இருந்தது. செங்குத்தான படி. வேறு கடைக்குப் போகலாமே என்று ஒருத்தன் வாயிலும் வந்ததில்லை. என் வாயிலும்தான். "வரேன் நெட்டா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். அவள் தலை நிமிராமல் கையை மட்டும் ஆட்டுவாள்.

எங்கள் கம்பெனிக்கு 'இராக்கொக்கு' என்றொரு சூப்பர் ஹீரோ உண்டு. அவனுக்கும் இடது காலில் காலிப்பர். அதோடு மாடிக்கு மாடி தாவித் திருடர்களை நொறுக்குவான். ஓவியர்கள் ஒரு படக் கட்டத்தில் காலிப்பரை வலது காலில் மாட்டுவார்கள், அடுத்த கட்டத்தில் மறந்தே போவார்கள். நெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மடப்பய! முட்டியில பூட்டு இருக்கு. பூட்டைத் திறக்காம கால் எப்படி மடங்கும்? இவன் மண்டையில வெச்சு மடக்கணும்!"

பாவாடையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலைப் பார்த்து வரைவாள். மாசா மாசம் திருத்தித் திருத்தி, அந்த ஹீரோவின் கால் அச்சு அசல் நெட்டாவின் கால் ஆகிவிட்டது. சூம்பினது, பாதம் லேசாக உள்ளே திரும்பினது. வரைந்தவர்களுக்கே தெரியாது.

ஒரு தடவை ஒஹாயோவிலிருந்து ஒரு பெண் கடிதம் போட்டிருந்தாள். "பூட்டைக்கூடச் சரியா வரையறீங்களே, உங்களுக்கும் என்னை மாதிரி காலா?" வாசகர் பக்கத்தில் அதை ஒட்டியதே நெட்டாதான். ஒட்டிவிட்டு, அந்த மாசத்துப் பூட்டை எல்லாம் இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

எழுபத்தெட்டு மார்ச்சில் கலிபோர்னியாவிலிருந்து இராக்கொக்கை டி.வி. கார்ட்டூனாக எடுக்கப்போகிறவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அந்தக் கம்பியை வரைந்து மாளாதாம். ஆசிரியர் கிளிஃப் ஹார்ட்விக் உடனே தலையாட்டிவிட்டார். ஏற்கெனவே வரைந்து முடித்திருந்த இதழில், ஆறாம் பக்கத்தில் ஏதோ கதிர் பட்டு இராக்கொக்குக்குக் கால் குணமாவதாகக் கதையை மாற்றினார். மீதிப் பக்கங்களில் காலிப்பரை அழிக்க வேண்டும், வியாழக்கிழமைக்குள்.

நெட்டா எழுந்து அவர் அறைக்குப் போனாள். அவள் அங்கே போய் நான் பார்த்ததே இல்லை. கதவு திறந்திருந்தது.

"அதை எடுக்காதீங்க கிளிஃப். கார்ட்டூன்ல வேணா எடுத்துக்கட்டும். புத்தகத்துல இருக்கட்டுமே."

"அட, நல்ல விஷயம்தானே நெட்டா! அவன் நடக்கப் போறான்! பசங்க கைதட்டுவாங்க. காலம் பூரா அப்படியே கிடக்கணும்னு எவனாவது ஆசைப்படுவானா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது.

"ஐயோ, உங்களைச் சொல்லல. சத்தியமா உங்களை நான் அந்த மாதிரி நினைச்சதே கிடையாது."

"தெரியும்," என்றாள்.

திரும்பி வந்து வெள்ளை மையைத் திறந்தாள். நான் பெரிய யோக்கியன் மாதிரி, "இந்த ஆளுக்கு மண்டையில ஒண்ணும் கிடையாது" என்று முணுமுணுத்தேன். என் மேசையில் அப்போது ஏழாம் பக்கம் கிடந்தது. 'இப்போதுதான் நான் முழு மனிதன்!' என்று பலூனில் எழுதி, மை காயக் காத்திருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"எழுத்து அழகா வந்திருக்கு, மோ," என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. எழுத மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்குள் காலிப்பரை எல்லாம் அழித்துவிட்டாள். அழித்த இடத்தில் அவள் வரைந்து வைத்திருந்த சூம்பின கால் அப்படியே நின்றது. கிளிஃப் பார்த்துவிட்டு, "கால் ஒல்லியா இருக்கே, கொஞ்சம் சதை போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"பேன்ட்டைச் சுருட்டு. இடது கால்."

"எதுக்கு?"

"ஓடுறப்போ பின்னங்கால் சதை எப்படி நிக்கும்னு பார்க்கணும். இந்தக் காலுக்கு அதை நான் போட்டதே இல்ல."

எழுந்து முட்டி வரை சுருட்டி, ஓடுகிறவன் மாதிரி காலை மடக்கி நின்றேன். அவள் பார்த்தாள், வரைந்தாள், பார்த்தாள். பொறாமை இல்லை, கோபம் இல்லை, தொழில் தெரிந்தவள் பார்க்கிற பார்வை. நான்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இன்னும் எத்தனை கட்டம்?" என்றேன்.

"நாப்பத்திரெண்டு," என்றாள். "செவுத்தைப் பிடிச்சுக்க. நேரமாகும்."