லாசர் அண்ணாச்சி ருசி பார்த்த இலை

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லா போன் செய்து, "லாசர் அண்ணாச்சி போயிட்டாவக்கா" என்றாள். என் வாயில் முதலில் வந்தது அழுகை இல்லை. "எதனால?" என்றுதான் கேட்டேன். நெஞ்சுவலி என்றாள். அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதே என்று அடுத்த நிமிஷம் பயந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஷிப்பிங் ஏஜென்சியில் அவர் டாக்குமெண்ட் கிளார்க். எங்கள் எல்லார் வீட்டுத் தொட்டிகளுக்கும் வைத்தியர். இந்த ஊரில் இலை பிசுபிசுத்தால் உடனே உப்புக்காற்றின் மேல் பழி போடுவோம். அவர் போடமாட்டார். இலையை விரலால் தடவி நாக்கு நுனியில் வைப்பார். கரித்தால், "உப்பு. தண்ணி ஊத்திக் கழுவு." இனித்தால், "பூச்சி வெளிக்கிப் போயிருக்குளா" என்று துப்பிவிட்டுச் சிரிப்பார். இப்படி வாயில் வைக்கலாமா என்றால், "மருந்தடிச்ச செடியத் தொடமாட்டேன். கேட்டுட்டுத்தான் வைப்பேன்" என்பார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மட்டும் அவர் கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் ஆபீஸ் மொட்டைமாடியில் மருந்தே கிடையாது. எல்லாரும் மதியம் சாப்பிடும் இடம். மருந்து கொண்டுவந்தவர் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் அப்போது தற்காலிகம். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாடியில் எனக்கு எட்டுத் தொட்டி லில்லி இருந்தது. இலையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. உப்பு என்று நினைத்து ஒரு வாரம் துடைத்தேன். துடைத்த மறுநாளே மறுபடி ஒட்டியது. போதாததற்கு அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பும் படர்ந்தது. செடி செத்துவிடும் என்று பயந்து, யாரிடமும் கேட்காமல், உரக்கடையில் ஒரு பாட்டில் மருந்து வாங்கி, ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக மேலே போய் அடித்தேன்.

பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் அண்ணாச்சி நிற்கிறார். "என்ன தங்கச்சி, லில்லிக்குச் சீக்கா?" என்று குனிந்து இலையைத் தடவினார். விரல் வாய்க்குப் போவதைப் பார்த்தேன். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என் வேலை நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

"இனிக்கி... இல்லியே, கசக்குதே" என்று என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் கத்தினேன்.

துப்பினார். குழாயடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். பாட்டிலோடு ஆட்டோவில் ஏறினோம். அவர் நெற்றியில் வேர்வை. நான் அழுதுகொண்டே வந்தேன். "அழாத. ஒட்டுனது கொஞ்சந்தான்" என்றார். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். அவர் கண் மூடும்போதெல்லாம் நான் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். மேனேஜர் வந்ததும் அண்ணாச்சி முந்திக்கொண்டார்: "நாந்தான் சார் காலைல அடிச்சேன். மறந்துட்டு நக்கிட்டேன்." அவர் பழைய ஆள், ஒரு திட்டோடு முடிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து மாடிக்கு வந்தார். "கீழயே பாத்துட்டு நிக்கியே, ஏளா, மேல பாரு" என்றார். பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் மாடிமேல் சாய்ந்திருந்தது. ஓலைக்கு அடியில் வெள்ளை ஈ அப்பிக் கிடந்தது. அது கழித்த இனிப்புத்தான் லில்லிமேல் சொட்டியது. அந்த இனிப்பில்தான் கறுப்புப் பூசணம் பிடித்தது. ஓலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவைத்தார். ஈ வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினார். லில்லி இலைக்கு மைதாக்கஞ்சி தெளித்தார்; காய்ந்ததும் கறுப்பு செதில்செதிலாக உரிந்தது. "லில்லிக்கு ஒரு சீக்கும் இல்ல, தங்கச்சி." சீக்கில்லாத செடிக்காகத்தான் அவரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் எப்போது இருமினாலும் எழுந்துபோய்ப் பார்ப்பேன். அந்த மருந்தா என்று ஒரு டாக்டரிடமே கேட்டேன். இத்தனை வருஷம் கழித்தா என்று சிரித்தார். பயம் சிரிப்புக்கெல்லாம் போவதில்லை.

அவர் ஊரான கீழவைப்பாரில் அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது நீங்கள் வழக்கம்போல் அந்தக் கதையைச் சொன்னீர்கள். தான் அடித்த மருந்தைத் தானே நக்கியவர் என்று. அழுத கண்ணோடு எல்லாரும் சிரித்தீர்கள். அவர் மனைவி மேரி அக்காளும் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "கல்யாணத்தன்னைக்கு நான் கட்டுன சேலை நிறம்வரைக்கும் சொல்லுவாவ. அத மட்டும் எப்படி மறந்தாவ?" நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். மூன்றாவது முறையும் வாயைத் திறக்கவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு அட்டைத்துண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சிவப்பு மையில் எழுதி என் கையில் கொடுத்தது: "மருந்து அடித்த செடி. தொடாதே." கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பயமாத்தான் இருக்கும் தங்கச்சி. ஆனா சொல்லிரணும்."

மேரி அக்கா, மருந்தடித்தது நான். அண்ணாச்சி எதையும் மறக்கவில்லை.